இந்த மடி யாருது?

“...அதெல்லாம் சரிங்கம்மா. புள்ளை நல்லா சாப்புடுது, ஒழுங்கா பள்ளிக்கூடம் போகுது, எல்லாத்தையும் எழுதிக்கிட்டேன். இந்தப் போட்டோவுல இருக்கே, இந்த மடி யாருது?”

கேட்டவர் குழந்தைகள் நலக் குழுவின் தலைவரம்மா. பெற்றவர்கள் இல்லாத பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்று முடிவு செய்கிற இடம் அது. கோர்ட்டு மாதிரி கூண்டு, கறுப்பு அங்கி எல்லாம் கிடையாது. ஒரு மேசை, ஆறேழு நாற்காலி, சுவரில் ஒரு முயல் படம். ஆனாலும் அரியலூரில் அந்த அறைக்குள் கால் வைத்த நிமிஷம் என் நாக்கு பசை போட்ட மாதிரி மேலே ஒட்டிக்கொண்டது.

மேசைக்கு இந்தப் பக்கம் நான். எனக்குப் பக்கத்தில் பத்து வயது ரோஷினி. அவளுக்கு அந்தப் பக்கம் அவளை வளர்க்கிற அஞ்சலை. பின்னால் பெஞ்சில், அனுமதி கேட்டு எங்களுக்குத் துணையாக வந்த லூர்து டீச்சரும் மைக்செட் கலியபெருமாளும்.

தலைவரம்மா படத்தை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். காதுகுத்துப் படம். மூணு வயசு ரோஷினி. மொட்டைத் தலையில் சந்தனம், உள்நாக்கு தெரிகிற அழுகை. படம் எடுத்தவர் அந்த வாயை மட்டுமே குறி வைத்திருக்கிறார். மடி கொடுத்தவருக்குக் கழுத்துக்கு மேலே ஒன்றுமே இல்லை. ஒரு வேட்டி, முக்கால்வாசிச் சட்டை, பிள்ளையின் தலையைப் பிடித்திருக்கிற ஒரு கை. அவ்வளவுதான்.

காதுகுத்தில் பிள்ளை உட்காருவது தாய்மாமன் மடியில். அதில் நம் பக்கம் யாரும் விட்டுக்கொடுப்பதில்லை. ஆனால் ரோஷினியின் அம்மாவுக்குக் கூடப் பிறந்தவர்கள் யாருமே இல்லை. அந்தச் சேதி தலைவரம்மாவின் கையிலிருந்த இன்னொரு தாளில் கொட்டை எழுத்தில் இருந்தது. எழுதிய புண்ணியவதி நான்தான்.

மடி யாருது? எனக்குத் தெரியவில்லை. அஞ்சலையைப் பார்த்தேன். அஞ்சலை முயலைப் பார்த்தாள்.

பேர் வைத்த கதை

இந்தத் தொடரை விடாமல் படிக்கிற உடையார்பாளையத்து அக்கா ஒருத்தர், “பட்டன் கதை, பாவாடை கதையெல்லாம் எழுதுற டைலரு, அரியலூருக்குப் பையத் தூக்கிட்டு ஓடுறியே, அத எப்ப எழுதுவ?” என்று நச்சரித்துக்கொண்டே இருந்தார். எழுதலாம். ஆனால் பிள்ளைகள் சமாசாரத்தில் யார் எவர் என்று வெளியே தெரியக் கூடாது. சட்டம் அப்படி. சட்டம் சொல்லாவிட்டாலும் அதுதான் நியாயம்.

அஞ்சலையிடம் கேட்டேன், தலையாட்டினாள். பிள்ளையிடமும் கேட்டேன். பேரை மாற்றித்தான் எழுதுவேன் என்றதும், “அப்ப ரோஷினின்னு போடுங்க. எங்க கிளாஸ்ல அந்தப் பேர்ல யாருமே இல்ல” என்றாள்.

கலியபெருமாள்தான் ஒரே அடம். “எம்பேர மட்டும் மாத்திராத. கீழ போன் நம்பரும் போட்டுடு டைலரு, நாலு கல்யாணம் கெடைக்கும்.”

மாற்றிவிட்டேன். நம்பரும் போடவில்லை.

கழுத்தில் ஓர் அட்டை

நான் பள்ளிக்கூடத்தில் படித்தது எட்டாவது வரை. அதற்கு மேல் படித்ததெல்லாம் துணி சுற்றி வந்த பேப்பரில். செந்துறையில் தையல் கடை வைத்திருக்கிறேன். அளவு கொடுக்க வருகிறவர்களைக் கையைத் தூக்கச் சொன்னால் மனசையும் சேர்த்துத் தூக்கிக் காட்டுவார்கள். எந்த வீட்டுப் பிள்ளை படிப்பை நிறுத்தியது, எந்தப் பிள்ளை முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிறது, எந்தப் பிள்ளைக்குப் புதுச் சட்டை தைத்து மூணு வருஷம் ஆகிறது, எல்லாம் என் காதுக்கு வந்துவிடும்.

இதைப் பார்த்துத்தான் எங்கள் ஊராட்சியின் குழந்தை பாதுகாப்புக் குழுவில் என்னையும் சேர்த்தார்கள். அதுவரை வம்பு என்று பேர் வாங்கியிருந்த என் காரியம், அன்றிலிருந்து பொதுச்சேவை.

ரெண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். தோளுக்கு ஒரு பை, கழுத்துக்கு ஒரு அட்டை, தூக்கினால் கை வலிக்கிற ஒரு கையேடு. பிள்ளையின் உயரத்துக்கு உட்கார்ந்து பேச வேண்டும், நம் வார்த்தையை அதன் வாயில் திணிக்கக் கூடாது, குழந்தைகள் உதவி எண் 1098க்கு எப்போது போன் போட வேண்டும், எல்லாம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். நான் வீட்டுக்கு வந்தும் அட்டையைக் கழற்றவில்லை.

“சோறு போடுறப்பவாவது கழட்டேன், கொழம்புல தொங்குது பாரு” என்றார் என் வீட்டுக்காரர்.

ஒப்பாரி

பெற்றவர்கள் இல்லாமல் வளர்கிற பிள்ளைகளைக் கணக்கெடுத்து, உதவி கேட்டுப் படிவம் நிரப்பச் சொன்னார்கள். எனக்கு முதலில் ஞாபகம் வந்தது ரோஷினி.

அவளுடைய அம்மாவும் அஞ்சலையும் ஒரே முந்திரித் தோப்பில் வேலை பார்த்தவர்கள். பிள்ளைக்கு ரெண்டு வயசில் அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். அப்பா வேலை தேடி வெளியூர் போனவர், தகவலே இல்லை. போகும்போது “நாலு நாள் பாத்துக்க அக்கா” என்று அஞ்சலையிடம் விட்டுப் போனாராம். அந்த நாலு நாள் எட்டு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்போது என் கைங்கரியத்தைக் கேளுங்கள். நம் ஊரில் மனு எழுதுவதற்கு ஒரு முறை உண்டு. எவ்வளவு பரிதாபமாக எழுதுகிறோமோ அவ்வளவு சீக்கிரம் காரியம் நடக்கும் என்று ஒரு நம்பிக்கை. ரோடு கேட்டு மனு எழுதினாலும் நாலு பேர் அழுகிற மாதிரிதான் எழுதுவோம். நானும் எழுதினேன். நாதியற்ற பிள்ளை. கேட்பாரற்ற பிள்ளை. அம்மாவுக்குக் கூடப் பிறந்தவர்கள்கூட இல்லாத பிள்ளை. ‘வளர்ப்பவருக்கும் குழந்தைக்கும் உள்ள உறவு’ என்ற கட்டத்தில் ‘உறவு ஒன்றும் இல்லை’ என்று எழுதி, உதவி வேகமாக வரட்டும் என்று அடியில் ரெண்டு கோடும் போட்டேன்.

வந்தது உதவி இல்லை. கடிதம். நாதியும் கேட்பாரும் உறவும் இல்லாத பிள்ளையைக் குழுவின் முன்னால் அழைத்து வர வேண்டும், இல்லத்தில் சேர்ப்பது பற்றி முடிவெடுக்க வேண்டும் என்று. அவர்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை. நான் எழுதியதை நம்பினார்கள், அவ்வளவுதான்.

அஞ்சலை கடைக்கே வந்துவிட்டாள். கடிதத்தை என் மெஷின் மேலே வைத்தாள். “நாதியத்த புள்ளன்னு எழுதிப்புட்டியேடி. அப்ப எட்டு வருசமா நான் யாரு? வூட்டுத் தூணா?”

எனக்குக் காலில் பெடல் ஓடவில்லை. படிவத்தை எப்படி நிரப்புவது என்று பயிற்சியில் கற்றிருந்தேன். நிரப்பிய படிவம் திரும்பி வந்து நம் முன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றால் என்ன செய்வது என்பதை அந்த ரெண்டு நாளில் கேட்டு வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

புதன்கிழமை பெஞ்சு

அப்போது உதவிக்கு வந்தவர் லூர்து டீச்சர். வரதராசன்பேட்டைக்காரர், ரிட்டயர் ஆனவர். அவரும் பக்கத்து ஊராட்சிக் குழுவில் இருந்தார். என் மனுவின் நகலை வாங்கிப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இது மனு இல்லம்மா. ஒப்பாரி. ராகம் மட்டும்தான் போடல.”

கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்த ஒரே ஆள் அவர்தான். “சட்டம் புரியறது கஷ்டமில்ல. மத்தியானம் சாப்புட்டுட்டு அதப் படிக்கறதுதான் கஷ்டம்” என்பார். இல்லம் என்பது கடைசி வழி, தெரிந்த வீட்டில் அன்பாக வளர முடிந்தால் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள், பயப்படாதே என்று விரலை வைத்து வைத்துக் காட்டினார். பதினோராவது பக்கத்திலேயே இருந்தது. நான் ஏழாவது பக்கத்தோடு தூங்கிவிட்டிருந்தேன்.

அப்படித்தான் எங்கள் புதன்கிழமை ஆரம்பித்தது. புதன் மத்தியானம் என் கடையில் கூட்டம் இருக்காது. சுற்றுவட்டாரக் குழுக்களில் இருக்கிற ஐந்தாறு பேர் வந்து பெஞ்சில் உட்காருவோம். வரும் பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது, டீ என் செலவு. பிள்ளை விஷயமாக ஒருத்தி பேச ஆரம்பித்தால் அவள் டீ ஆறும் வரை யாரும் அறிவுரை சொல்லக் கூடாது. அரியலூர் போகிறவளைத் தனியாக அனுப்பக் கூடாது. போய் வந்தவளை நேராக வீட்டுக்கு விடக் கூடாது, உட்கார வைத்துப் பேச விட வேண்டும். அடுத்தவர் வீட்டுப் பிள்ளையின் அழுகையை இடுப்பில் சுமந்துகொண்டு போய் அடுப்பு பற்ற வைத்தால் குழம்பில் உப்பு போட்டோமா என்பதே தெரியாது. எனக்கு அது நடந்திருக்கிறது. என் வீட்டுக்காரர் ரெண்டு தடவை உப்பு போட்ட குழம்பைச் சாப்பிட்டவர்.

பயிற்சியில் கொடுத்த பைகூட இப்போது வேறு மாதிரி ஆகிவிட்டது. வெட்டுத்துணியில் நான் தைத்த மூணு சைஸ் கவுன், சீப்பு, ரிப்பன், பிஸ்கட், போன் சார்ஜர். கையேட்டுக்கும் இடமிருக்கிறது, அடியில்.

எல்லாவற்றிலும் முக்கியம் ஒத்திகை. குழு முன்னால் போய்ப் பேசப் போகிறவளை உட்கார வைத்து மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். தலைவர் வேஷம் கட்ட எங்கள் யாருக்கும் குரல் பத்தவில்லை. குரல் உள்ள ஒரே ஆம்பளை உறுப்பினர் மைக்செட் கலியபெருமாள்.

மைக்செட் உபயம்

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சிரிக்காமல் சொல்வது கஷ்டம்.

கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, துக்கம், எதுவானாலும் எங்கள் பக்கம் ஒலிபெருக்கி அவருடையது. அவருக்கு அக்கா தங்கச்சி நாலு பேர். நாலு பேருக்கும் பெண் பிள்ளைகள். தாய்மாமன் என்றால் சும்மாவா? காது குத்தினால் சீர், வயசுக்கு வந்தால் சீர், கல்யாணமானால் சீர். கலியபெருமாள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். ஒவ்வொரு மருமகள் விசேஷத்துக்கும் தன் மைக்செட்டையே கொண்டு வந்து கட்டிவிட்டு, அதே மைக்கில், “மைக்செட் தாய்மாமன் உபயம்!” என்று பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அறிவிப்பார். தட்டு வரிசை வரவில்லை என்று அக்காமார் திட்டுவது யார் காதிலும் விழாது. சத்தம் அவர் கையில் அல்லவா இருக்கிறது.

அவருடைய சட்டை தைப்பது நான்தான். பாக்கெட்டில் எப்போதும் கரண்டு பார்க்கிற டெஸ்டர் இருக்கும். ஒருநாள் குனியும்போது அது தாடையில் குத்திவிட்டதாம். அன்றிலிருந்து எந்தச் சட்டை தைத்தாலும் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் டெஸ்டருக்கென்று ஒல்லியாகத் தனியாக ஒரு பாக்கெட் வைக்க வேண்டும். அப்படிச் சட்டை போடுகிற ஆளை நான் இன்னும் வேறெங்கும் பார்க்கவில்லை.

ஒத்திகையில் மனுஷன் என் கத்தரிக்கோலை எடுத்து மேசையில் தட்டி, “அமைதி!” என்பார். நாங்கள் மொத்தம் அஞ்சு பேர், யாரும் பேசியிருக்க மாட்டோம். அஞ்சலையை அழ வைத்தார். என்னை வேர்க்க வைத்தார். “கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லு டைலரு. கேக்காததுக்கெல்லாம் பதில் சொல்லித்தான் நீ இந்தக் கெதிக்கு வந்த.”

ரோஷினிக்கு மட்டும் ஒத்திகை கிடையாது என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். “புள்ளைக்குப் பாடம் நடத்தாதீங்க. அவளுக்கு என்ன தோணுதோ அதச் சொல்லட்டும்.”

அஞ்சலையிடம் ஆதாரம் கேட்டோம். மஞ்சள் பையைக் கவிழ்த்தாள். தடுப்பூசி அட்டை, அஞ்சலை கையெழுத்துப் போட்ட மார்க் அட்டைகள், பொட்டலம் கட்டி வைத்திருந்த ஒரு பால்பல், அந்தக் காதுகுத்துப் படம். பல்லை மட்டும் திருப்பிக் கொடுத்தோம். படம் ஜெராக்ஸில் கரிச்சட்டி மாதிரி வந்தது. அதனால் அசலையே கோப்பில் செருகி அனுப்பினேன். பிள்ளை முகத்தைத் தவிர அதில் நான் வேறெதையும் பார்க்கவில்லை.

தையல் தெரிந்த இடம்

“மடி யாருதுன்னு கேட்டேன்” என்றார் தலைவரம்மா மறுபடியும். “சொந்தம் யாருமில்லன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. ரெண்டு கோடு வேற போட்டிருக்கீங்க. இவரு யாரோ இருக்காரே?”

நான் குனிந்து பார்த்தேன். இந்தத் தடவை துணியைப் பார்த்தேன். ஊதாக் கட்டம் போட்ட சட்டை. பாக்கெட். பாக்கெட்டுக்குப் பக்கத்தில் ஒல்லியாக இன்னொரு பாக்கெட். அதிலிருந்து எட்டிப் பார்க்கிற டெஸ்டர் தலை. அந்த ஒல்லிப் பாக்கெட்டின் ஓரத்தில் பச்சை நூல். ஊதா நூல் தீர்ந்துபோய், யார் பார்க்கப் போகிறார்கள் என்று நானே ஓட்டிய பச்சை நூல்.

“என்னம்மா, தெரிஞ்சவரா?”

கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். “சட்டையத் தெச்சது நானுங்க. உள்ள இருந்த ஆளு யாருங்கறத அவரே சொன்னா நல்லாருக்கும்.”

பின்னால் ஒரு இருமல் கேட்டது. திரும்பினேன். கலியபெருமாள் அண்ணாந்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார், அது ரிப்பேருக்கு வந்த மாதிரி. லூர்து டீச்சர் அவர் பாக்கெட்டைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார், “ஏசுவே” என்றார்.

“நான் சொல்ல மாட்டேங்கம்மா” என்றாள் அஞ்சலை. “சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்.”

பெஞ்சு கிறீச்சிட்டது. கலியபெருமாள் எழுந்தார். ஊரையே அதிர வைக்கிற அந்தக் குரல் எங்கே போனதோ.

“நாந்தாங்கம்மா. பெரம்பலூர்ப் பக்கம் ஒரு கோயில்ல வேற ஒரு விசேசத்துக்கு மைக்செட் கட்டப் போயிருந்தேன். மரத்து மேல நின்னு குழாய் ஸ்பீக்கர் கட்டிக்கிட்டு இருக்கேன், கீழ இந்த அக்கா புள்ளைய வச்சிக்கிட்டு நிக்கிது. காது குத்துற ஆசாரி, தாய்மாமன் எங்க, தாய்மாமன் எங்கன்னு சத்தம் போடுறாரு. புள்ள வேற கத்துது. எறங்கி வந்து உக்காந்தேன். வெளிய சொல்லிராத அக்கா, சீர் செய்யவே எனக்கு ஏற்கெனவே நாலு பேரு இருக்காங்கன்னு சொன்னேன். அஞ்சு நிமிசங்கம்மா. அவ்வளவுதான்.”

“அஞ்சு நிமிஷம் உக்காந்தா மாமன் ஆயிட முடியுமா?”

“முடியாதுன்னுதாங்கம்மா நானும் நெனச்சேன்.”

தலைவரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு ரோஷினிக்கு எதிரே, அவள் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்தார். “பாப்பா, இவர உனக்குத் தெரியுமா?”

“ம். ஃபியூஸ் மாமா.”

“அப்படின்னா?”

“எங்க வூட்டுக்கு வந்து ஃபியூஸ் போச்சான்னு கேப்பாரு. போகலன்னாலும் ஸ்டூல் போட்டு ஏறிப் பாப்பாரு. அப்பறம் எறங்கி வந்து என்னைய வாய்ப்பாடு சொல்லச் சொல்லுவாரு. அவருக்கு ஒம்பதாம் வாய்ப்பாடு தெரியாது. தப்பாச் சொன்னாலும் சரிம்பாரு.”

“எப்பப்ப வருவாரு?”

“வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம.”

தலைவரம்மா நிமிர்ந்தார். “வாரா வாரம் வெள்ளிக்கெழமையா ஃபியூஸ் போகும்?”

“பழைய வயரிங்குங்கம்மா” என்றார் கலியபெருமாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

“நீ யார்கூட இருக்கணும் பாப்பா?”

ரோஷினி அஞ்சலையின் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டாள். “பெரியம்மா கூட. வேற எங்க இருப்பேன்?” அந்தக் கேள்வியே அவளுக்குப் புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

உறுப்பினர்கள் தலையோடு தலை வைத்துப் பேசினார்கள். எனக்கு ஒரு மணி நேரம் மாதிரி இருந்தது. அஞ்சலையின் உதடு எதையோ வேண்டிக்கொண்டிருந்தது. லூர்து டீச்சரின் கை என் தோளில் இருந்தது.

பிறகு தலைவரம்மா சத்தமாகச் சொன்னார். பிள்ளை அஞ்சலையிடமே வளரட்டும். மாதம் ஒருமுறை ஆள் வந்து பார்ப்பார்கள். நான் முதலில் கேட்டிருந்த உதவிக்கும் எழுதுவார்களாம். அஞ்சலை ரோஷினியின் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டாள். “மூச்சு முட்டுது பெரியம்மா” என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

தலைவரம்மா என் படிவத்தை எடுத்தார். ரெண்டு கோடு போட்ட என் வரியின் மேலேயே ஒரு கோடு இழுத்தார். அது எனக்கு நல்லா வேணும்.

“ஊர் வழக்கப்படி தாய்மாமன் முறைன்னு குறிப்புல எழுதறேன்” என்றார் கலியபெருமாளிடம். “எழுதிட்டா அழிக்க மாட்டேன். யோசிச்சுச் சொல்லுங்க.”

கலியபெருமாள் டெஸ்டரை வெளியே எடுத்தார், மறுபடி உள்ளே வைத்தார்.

“எழுதுங்கம்மா. எனக்கு அக்கா தங்கச்சி நாலு பேரு. இந்தப் புள்ள அம்மாவ அஞ்சாவதாச் சேத்துக்குங்க.”

அவருக்கே அது தாங்கவில்லை போல. அவசரமாக, “புள்ள பெரியவளானா மைக்செட் நம்ம உபயம்” என்றார்.

“மைக்செட் வேணாம்” என்றாள் ரோஷினி.

அதுவரை அன்று முழுவதும் ஒரு தடவைகூடச் சிரிக்காத தலைவரம்மா, கையெழுத்துப் போட்டுக் கோப்பை மூடித் தள்ளி வைத்தார். ஒரு வெள்ளைத் தாளை முன்னால் இழுத்தார். பேனா மூடியைக் கழற்றினார். தாளின் தலையில் ‘தாய்மாமன் சீர்’ என்று எழுதி, அடியில் 1 என்று எண் போட்டுவிட்டு, ரோஷினியின் வாயைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.